குளிர்காலத்தில் வரும் கோடைத் திட்டம்: விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜூன் மாதம் குளிர்காலம். மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் 'ஓப்பன் சோர்ஸ்' மென்பொருள் அமைப்புகளுக்குப் புதியவர்கள் ஒரு மென்டரின் (வழிகாட்டியின்) துணையோடு நிரல் எழுத, கூகிள் 2005-இல் தொடங்கி ஆண்டுதோறும் நடத்திவரும் 'சம்மர் ஆஃப் கோட்' திட்டத்தில் வேலை சூடுபிடிப்பதும் அப்போதுதான். அமெரிக்காவில் படிக்கிறவர்களுக்கு அது நீண்ட விடுமுறை. நம் பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டர் தேர்வு. ஜூலியா, பைத்தான் போன்ற ஓப்பன் சோர்ஸ் நிரல் மொழிகளுக்கு வேலை செய்ய ஆசைப்பட்டு, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைகள் எழுதும் விண்ணப்பங்களைச் சில வருடமாகப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் திரும்பத் திரும்ப அதே இடங்களில் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல் கால அட்டவணையில். வேறு நாட்டு மாணவர் எழுதிய பழைய விண்ணப்பத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு, 350 மணி நேரத் திட்டத்தை 12 வாரத்துக்குப் பங்கு போட்டுவிடுகிறார்கள். வாரத்துக்கு ஏறக்குறைய 30 மணி நேரம் வருகிறது. ஜூனில் பெரும்பகுதி தேர்வில் போய்விடும். அப்புறம் சில வாரம்தான் விடுமுறை. அது முடிந்ததும் இரண்டாம் செமஸ்டர் வந்து நிற்கும். எங்கேயோ பாஸ்டனில் இருக்கும் மென்டருக்கு இந்தக் கணக்கு தெரியாது. முதல் மூன்று வாரம் ஆளைக் காணோம் என்பதுதான் அவர் கண்ணில் படும். நடுவில் ஒரு மதிப்பீடு உண்டு. அதில் தேறாவிட்டால் திட்டம் அங்கேயே நின்றுவிடும்.

தேர்வு இருக்கிறது என்று எழுதினால் எடுக்க மாட்டார்களோ என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். எழுதாமல் விடுவதுதான் ஆபத்து. தேதிகளை அப்படியே போடுங்கள். 175 மணி நேர அளவிலும் திட்டங்கள் இருக்கின்றன. மென்டர் சம்மதித்தால் வேலையை 22 வாரம் வரை நீட்டிக்கொள்ள விதியிலேயே இடம் இருக்கிறது. ஏப்ரலில் கேட்டால் இது சாதாரண ஏற்பாடு. ஜூலையில் கேட்டால் சாக்குப்போக்கு மாதிரி தெரியும்.

அடுத்தது, ஏற்கனவே என்ன இருக்கிறது என்று தேடாமல் எழுதுவது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துப் படித்த மாணவி ஒருத்தி, ஜூலியாவில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். 5 என்று வந்திருக்கிறது. வகுப்பில் த, மி, ழ் என்று மூன்று எழுத்தாகத்தான் எண்ணிப் பழகியிருக்கிறாள். "அங்கிள், ஜூலியா தப்பா எண்ணுது. இதைச் சரிசெய்றதுதான் என் ப்ராஜெக்ட்" என்று நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள்.

அவள் கவனித்தது அருமையான விஷயம். ஆனால் அது பிழை இல்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு. 'ழ்' என்பது ழகரமும் புள்ளியுமாக இரண்டு. தகரத்தோடு சேர்த்தால் ஐந்து. ஜூலியாவின் நீளக் கணக்கு இவற்றைத் தனித்தனியே எண்ணுகிறது. ஸ்விஃப்ட் மொழியிடம் கேட்டால் 3 என்று சொல்லும், ஏனென்றால் அங்கே கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்துதான் அலகு. ஜூலியாவிலும் யூனிகோட் தொகுப்பில் உள்ள 'கிராஃபீம்ஸ்' வழியாக எண்ணினால் 3 தான் வரும். ஆவணத்தை ஒரு மணி நேரம் புரட்டியிருந்தால் இது தெரிந்திருக்கும்.

சரி, யோசனையைத் தூக்கிப்போட வேண்டாம், மூலநிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் இதைப் பற்றிய பழைய இஷ்யூக்களை, அதாவது பிழைகளையும் யோசனைகளையும் பதிந்து விவாதிக்கும் பக்கங்களை, படி என்றேன். முக்கியமாக, மூடப்பட்ட இஷ்யூக்களை. ஒரு விஷயத்தை ஏன் இப்படி வைத்தார்கள், எதை யோசித்துப் பார்த்து வேண்டாம் என்றார்கள் என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கும். அதைப் படித்தவர் எழுதும் விண்ணப்பம் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

மொழியின் இலக்கணத்தையே மாற்றுகிறேன் என்று சிலர் எழுதுகிறார்கள். பைத்தானில் அப்படி ஒரு மாற்றம் வேண்டுமென்றால் 'பெப்' என்ற முறையான முன்மொழிவு எழுதி, பலரும் விவாதித்து, 2019 முதல் இருக்கும் வழிநடத்தும் குழுவிடம் ஒப்புதல் பெற வேண்டும். அந்த முடிவு உங்கள் கையில் இல்லை. அதை உங்கள் திட்டத்தின் விளைவாக வாக்குக் கொடுக்காதீர்கள். நிரலைச் சோதிக்கும் டெஸ்டுகள், ஆவணம், வேகம் கூட்டுவது, தனியாக நிற்கக்கூடிய ஒரு பேக்கேஜ் (நிரல் தொகுப்பு) என்று உங்கள் உழைப்பால் முடியக்கூடியதைச் சொல்லுங்கள்.

மென்டருக்குத் தனியாக "சார், எனக்கு ஆர்வம் இருக்கிறது, வழிகாட்டுங்கள்" என்று எழுதுவதும் வேண்டாம். மரியாதையாகத்தான் எழுதுகிறோம். ஆனால் அதில் பதில் சொல்ல ஒன்றுமில்லை. பொதுவில், எல்லாரும் பார்க்கும் இடத்தில், "இந்த ஃபங்ஷனை ஓட்டினேன், இது வந்தது, இப்படி வரும் என்று நினைத்தேன், எங்கே தவறு?" என்று கேளுங்கள். அந்த மாணவி அப்படித்தான் தொடங்கினாள். பிறகு ஆவணத்தில் குழப்பமாக இருந்த ஒரு வாக்கியத்தைத் திருத்தி ஒரு சின்ன புல் ரிக்வெஸ்ட் (என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பினாள். இரண்டு முறை மாற்றச் சொன்னார்கள், மாற்றினாள், ஏற்றுக்கொண்டார்கள். புது விண்ணப்பத்தில் முதல் வரியாக அந்த இணைப்பைத்தான் வைத்தாள்.

சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கிய விண்ணப்பம் வேண்டவே வேண்டாம். மென்டர் ஒரு கேள்வி கேட்டால் போதும், தெரிந்துவிடும். ஒருவர் மூன்று விண்ணப்பம் வரை போடலாம் என்பதால் ஒன்றையே பெயர் மாற்றி மூன்று இடத்துக்கு அனுப்புவதும் அப்படித்தான்.

பங்கேற்கும் அமைப்புகளின் பட்டியல் பிப்ரவரியில் வரும். நம் பல்கலைக்கழகங்கள் திறப்பதும் அந்த மாதம்தான். அன்றைக்கே ஆரம்பியுங்கள். கடைசி நேரம் வழக்கமாக உலக நேரப்படி 18 மணி, டர்பனில் இரவு 8 மணி. அதுவரை பிடிஎஃப்பைத் திருத்தித் திருத்தி ஏற்றிக்கொள்ளலாம். அதனால் முதல் பிரதியை ஒரு வாரம் முன்பே ஏற்றி வையுங்கள்.