தோள்பட்டை வலி: எந்தச் சிகிச்சை உங்களுக்குச் சரி?

நான் பிசியோதெரபிஸ்ட். தோள் வலியோடு வருகிறவர்கள் முதலில் நீட்டுவது ஸ்கேன் ரிப்போர்ட்டைத்தான். நான் முதலில் கேட்பது, ராத்திரி தூக்கம் எப்படி என்று. 60 வயதைத் தாண்டிய பலருக்கு வலியே இல்லாமலும் ஸ்கேனில் தசைநார்க் கிழிசல் தெரியும். படத்தை மட்டும் வைத்துச் சிகிச்சையை முடிவு செய்ய முடியாது.

விழுந்து அடிபட்ட பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை, அல்லது மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருக்கிறது என்றால் உடனே டாக்டரிடம் போங்கள். நெஞ்சு இறுக்கமோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் அவசரப் பிரிவுக்கு.

மற்றபடி இரண்டு வழிகள். ஒன்று, உடற்பயிற்சி, ஊசி, அறுவை சிகிச்சை எல்லாம் தோளை மட்டும் பார்க்கிறவை. இன்னொன்று, தோளோடு தூக்கம், பயம், வேலை, வீட்டுச் சுமை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது. ஜார்ஜ் எங்கெல் என்ற மருத்துவர் 1977-இல் முன்வைத்த உடல்-மன-சமூக அணுகுமுறை இது. வலி கற்பனை என்று இது சொல்லவில்லை. பலர் அப்படி நினைத்துப் புண்பட்டுப் போகிறார்கள்.

பெயிண்டர் ஒருவர் 'கிழிசல்' என்று கேட்டதிலிருந்து கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தார். நிற்கும்போது கை தோள் உயரத்தோடு நின்றுவிட்டது. மல்லாக்கப் படுக்கவைத்தேன், அதே கை காதுவரை போனது. பலக் குறைவு ஒரு காரணம், பயம் இன்னொன்று. படுத்தபடியே தொடங்கினோம், உயரத்தில் அடிக்கும் வேலையைக் கொஞ்ச நாள் குறைக்கச் சொன்னேன்.

2018-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், தோளில் எலும்பைச் சீவும் அறுவை சிகிச்சையும், கருவியை உள்ளே விட்டுப் பார்த்ததோடு நிறுத்தியதும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன. 2021-இல் வந்த இன்னொன்றில் 708 பேர்: ஒரே ஒரு தடவை நல்ல ஆலோசனை பெற்றவர்களும், 6 அமர்வுவரை பயிற்சி பெற்றவர்களும் ஓராண்டில் ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். அதே ஆய்வில் சிலருக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசி ஆரம்பத்தில் கொஞ்சம் நிவாரணம் தந்தது, அவ்வளவுதான். நன்றாகப் பேசிப் புரியவைப்பதும் சிகிச்சைதான் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

சரி, உங்களுக்கு எது என்று பார்க்க ஒரு நோட்டு போதும். மேல் அலமாரியில் டப்பா எடுப்பது போல உங்களுக்கு முக்கியமான ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒருமுறை, அந்த வேலை எவ்வளவு சிரமம், தூக்கம் எவ்வளவு கெட்டது, 'கையை அசைத்தால் இன்னும் கெட்டுப்போகும்' என்ற பயம் எவ்வளவு என்று 0 முதல் 10 வரை எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சிகிச்சையை மட்டும் மாற்றுங்கள். பயிற்சியின்போது பொறுக்கக்கூடிய வலி வந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் பரவாயில்லை. அடங்காவிட்டால் பயிற்சியில் தூக்கும் எடையைக் குறையுங்கள்.

பயமும் தூக்கமும் மோசமாகவே இருந்தால் பயிற்சியைக் கூட்டிப் பயனில்லை, அதைப் பற்றித் தெரபிஸ்டிடம் பேசுங்கள். பயம் குறைந்தும் கை ஏறவில்லையா, பலத்தில் கவனம் வையுங்கள். அடுத்தவர் பிடித்துத் திருப்பினாலும் கை வெளிப்பக்கம் திரும்பாவிட்டால் அது 'தோள் இறுக்கம்' (ஃப்ரோசன் ஷோல்டர்) என்ற நோயாக இருக்கலாம்; சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும், ஆற மாதக்கணக்கில் ஆகும்.

12 வாரம் ஒழுங்காகச் செய்தும் எண்கள் அசையவில்லை என்றால் அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். அடுத்து ஊசியா, ஸ்கேனா என்பதை அதை வைத்தே பேசலாம்.