செவல் காட்டில் சம உயர வரப்பு போடும் முறை

தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்து மானாவாரிக் காடுகளில் ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாள் கனமழையாகக் கொட்டித் தீர்ந்துவிடும். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏறக்குறைய 4,000 லிட்டர். 40 மி.மீ. மழையில் கால் பங்கு ஓடினாலே ஏக்கருக்கு 40,000 லிட்டர் போச்சு, கூடவே மேல்மண்ணும். பண்ணைக்குட்டை வெட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை சம உயர வரப்பு, அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் ஓடும் மண் வரப்பு. குட்டை ஒரு மூலையில் தண்ணீர் சேர்க்கும்; வரப்பு காடு முழுக்க ஈரம் சேர்க்கும். கோடை மழையில் மண் இளகியதும் தொடங்கி ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் மண் அமர வேண்டும், புல் வேர்விட வேண்டும்.

முதலில் சரிவை அளக்க வேண்டும். சரிவு போகும் திசையில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்புகளை நட்டு, கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தால் உயர வித்தியாசத்தைப் பாருங்கள். 20 செ.மீ. வந்தால் சரிவு 2 சதவீதம். மழை குறைந்த பகுதிகளுக்கு, 1 சதவீதச் சரிவில் வரப்புக்கு வரப்பு 70 மீட்டர், 2 சதவீதத்தில் 40, 3 சதவீதத்தில் 30 மீட்டர் விடலாம். 6 சதவீதத்துக்கு மேல் போனால் இந்த வரப்பு தாங்காது.

அடுத்தது, வரப்பு போக வேண்டிய ஒரே மட்டக் கோட்டைக் குறிப்பது. அதற்கு ஒரு கம்புச் சட்டம் வேண்டும். வரப்பின் உயரத்தைவிடக் கோடு சரியாக இருப்பதுதான் முக்கியம். இரண்டு 7 அடிக் கம்புகளின் தலையைச் சேர்த்துக் கட்டி, கால்களை 6 அடி அகட்டி, நடுவில் குறுக்குக் கம்பு அடியுங்கள். உச்சியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கட்டும். கால்கள் நிற்கும் இரண்டு இடத்திலும் முளை அடித்து, குறுக்குக் கம்பில் நூல் தொடும் இடத்தைக் குறியுங்கள். சட்டத்தைத் திருப்பிக் கால் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். காற்று வீசும் நேரத்தில் நூல் ஆடும். காலை வேளைதான் தோது.

நிலத்தில் குறிக்கும்போது கவராயம் நடப்பதுபோல், முன்கால் நிற்க, பின்காலைச் சுற்றி முன்னே கொண்டுவந்து, நூல் நடுப்புள்ளியில் நிற்கும் இடத்தில் முளை அடிக்க வேண்டும். சட்டத்தில் சிறு பிசகு இருந்தாலும் ஒரு எட்டில் கூடுவது மறு எட்டில் கழிந்துபோகும். அப்படியே தூக்கித் தூக்கி வைத்துப் போனால் பிசகு ஒரே பக்கம் சேர்ந்து, கோடு முழுக்கச் சாய்ந்துவிடும். முளை அடித்து முடித்ததும் கோடு கோணல்மாணலாகத் தெரியும். உழவு மாடோ டிராக்டரோ திரும்ப வசதியாக, பள்ளத்தில் 30 செ.மீ., மேட்டில் 15 செ.மீ. உயர வித்தியாசம் வரை முளைகளைத் தள்ளி வளைவை இளக்கலாம். ஆனால் வரப்பின் தலை எங்கும் ஒரே மட்டத்தில்தான் நிற்க வேண்டும். பள்ளம் வரும் இடத்தில் கூடுதல் மண் போட்டே தீர வேண்டும். உடைப்பு எடுப்பது பெரும்பாலும் அங்கேதான்.

வேலையை மேட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். கீழ் வரப்பை முதலில் போட்டால், இடையில் வரும் ஒரு மழையில் காடு மொத்தத்தின் தண்ணீரும் அதன்மேல் பாய்ந்து அறுத்துக்கொண்டு போகும். அளவு: அடியகலம் 1.5 மீட்டர், தலையகலம் 30 செ.மீ., உயரம் 60 செ.மீ. மண் அமரும் என்பதால் 70 செ.மீ.க்குக் கட்டுங்கள். அடித்தளத்தில் புல்பூண்டைச் செதுக்கி, ஒரு சால் உழுதுவிட்டு மண் கொட்டினால்தான் பிடிப்பு இருக்கும். 15 செ.மீ. கனத்துக்கு ஒருமுறை ஈரத்தோடு திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். ஜேசிபி கொட்டிய மண்ணை அப்படியே விட்டால் பார்க்க வரப்பு மாதிரி நிற்கும். உள்ளே பொந்தாக இருப்பதால் முதல் மழையிலேயே கசிந்து இறங்கும். மண்ணை மேட்டுப் பக்கமே எடுங்கள். குழிக்கும் வரப்புக்கும் நடுவே 30 செ.மீ. திட்டு விடுங்கள். குழிகளை நீளவாக்கில் ஒரே வாய்க்காலாக வெட்டாமல் இடையிடையே தடுப்பு விட்டு வெட்டினால் தண்ணீர் வரப்போரமாக ஓடாது. வரப்பின் இரு முனைகளையும் மேட்டுப் பக்கம் வளைத்துவிடுங்கள்.

கலுங்கு, அதாவது மிஞ்சிய தண்ணீர் வழிந்து போகும் வாசல், இல்லாத வரப்பு ஒருநாள் உடைந்தே தீரும். புதுமண்ணில் வைக்காமல், கெட்டியான பழைய தரையில், 30 செ.மீ. உயரத்தில் கல் பாவி அமைக்கவும். தண்ணீர் விழும் இடத்திலும் கல் அடுக்குங்கள். இந்த உயரத்தில் 2 சதவீதச் சரிவுள்ள காட்டில் தண்ணீர் 15 மீட்டர் பின்னோக்கி நிற்கும். ஒரு மீட்டர் வரப்புக்கு 2,250 லிட்டர். 40 மீட்டர் இடைவெளிக்குக் கணக்குப் போட்டால் 56 மி.மீ. ஓட்டநீரைப் பிடிக்கும். செவல் மண் அதைச் சீக்கிரம் குடித்துவிடும். இரண்டு நாளுக்கு மேல் தேங்கிப் பயிர் மஞ்சளித்தால் கலுங்கை ஒரு வரிசைக் கல் இறக்கிவிடுங்கள்.

கரிசலுக்கு இந்த முறை வேண்டாம். வெயிலில் வரப்பு பாளம் பாளமாக வெடித்து, வெடிப்பு வழியே தண்ணீர் புகுந்து அறுக்கும். அங்கே நிலத்தைச் சிறு வரப்புகளால் 8 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கும் பகுதிப் பாத்திகளே நல்லது.

வரப்புச் சரிவில் கொழுக்கட்டைப் புல் அல்லது முயல் மசால் விதையுங்கள்; மாட்டுக்குத் தீவனமும் ஆச்சு. சீமைக்கருவேலம் முளைத்தால் தூரோடு பிடுங்குங்கள். உழவும் விதைப்பும் வரப்புக்கு இணையாகவே போக வேண்டும். சரிவை ஒட்டி மேலும் கீழுமாக உழுதால் ஒவ்வொரு சாலும் ஓடையாகிவிடும். முதல் கனமழை விட்டதும் மண்வெட்டியோடு ஒரு நடை போய், எலி வளைகளைத் தோண்டி ஈர மண் திணித்து இடிக்கவும், தலை இறங்கிய இடங்களில் மண் ஏற்றவும். ஒரு கை அகலத் தாழ்வு போதும், அடுத்த மழை அதன் வழியே முழு வரப்பையும் அறுத்துவிடும்.