மணி அடித்தது, குரல் வரவில்லை

தக்கலையில் வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்கு வரும் வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கிறேன். கணினியில் சாஃப்ட்போன் (இணையம் வழியாகப் பேச உதவும் தொலைபேசி மென்பொருள்), காதில் ஹெட்செட். புது ரவுட்டர் மாட்டிய மறுநாள், எடுத்த அழைப்பிலெல்லாம் எதிர்முனை மௌனம். ஹெட்செட்டை மாற்றியும் பயனில்லை.

அப்புறம் நிறுவனத்தின் சர்வரில் பதிவான அழைப்பைப் போட்டுக் கேட்டேன். குளச்சலில் இருந்து ஒரு பாட்டி, "மக்களே, நான் பேசுதது கேக்கலியா?" என்று மூன்று முறை கேட்டிருக்கிறார். மனசு கனத்துவிட்டது. மேற்பார்வையாளரிடம் சொல்லி முதலில் அவரைத் திரும்ப அழைக்க வைத்தேன்.

பதிவில் இரண்டு குரலும் இருந்தன. அப்படியென்றால் சர்வர் வரை சரி; அங்கிருந்து என்னிடம் வரும் வழியில்தான் கோளாறு. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன், தெளிவாகக் கேட்டது. ரவுட்டர்தான்!

இணைய அழைப்பில் மணி அடிப்பதும் வைப்பதும் சிப் (SIP) நெறிமுறையின் வேலை, வழக்கமாக 5060 போர்ட்டில் (தரவு வந்துபோகும் எண்ணிட்ட வாசல்). குரல் ஆர்டிபி (RTP) என்ற இன்னொரு நெறிமுறை வழியாக வேறு போர்ட்டில் வரும். ரவுட்டரின் 'சிப் ஏஎல்ஜி' (SIP ALG) வசதி, குரலை எங்கே அனுப்ப வேண்டும் என்று சிப் செய்திக்குள் இருக்கும் முகவரியை மாற்றி எழுதும். தப்பாக எழுதினால் மணி அடிக்கும், குரல் வேறெங்கோ போகும்.

ரவுட்டர் அமைப்புக்குள் போய் அந்த வசதியை அணைத்து, ரவுட்டரை மறுபடி இயக்கினேன். அதற்கு முன் மென்பொருளில் என் நிலையை 'பிரேக்' என்று மாற்றிக்கொண்டேன். இதை மறக்கவே கூடாது. மறந்தால் வரிசையில் காத்திருக்கும் இன்னொருவர் அந்த நேரத்தில் நம்மிடம் வந்து மாட்டிக்கொள்ளலாம்.

அடுத்த அழைப்பு மார்த்தாண்டத்தில் இருந்து. பின்னால் பஸ் ஹாரன் சத்தம் வரை கேட்டது.