டிரம் இல்லாத குழுவின் டிரம்: ஜிப்ஸி ஜாஸ் ரிதம் கிட்டார்

1934இல் பாரிஸில் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் சேர்ந்து அமைத்த ஐவர் குழுவில் டிரம் கிடையாது. அவர்கள் இருவருக்கும் கீழே இரண்டு ரிதம் கிட்டார், ஒரு டபுள் பேஸ், அவ்வளவுதான். இன்றும் ஜிப்ஸி ஜாஸ் எனப்படும் இந்த இசையில் தாளத்தின் பெரும்பாரம் ரிதம் கிட்டார்காரரின் வலக்கையில்தான் இருக்கிறது. ஊர் ஊராகப் போய் இரவுதோறும் வாசிப்பவர், அந்தக் கையையும் கிட்டாரையும் முதல் நாள் போலவே கடைசி நாள் வரை வைத்திருக்க வேண்டும்.

இந்த ரிதம் அடிக்கு ‘லா பொம்ப்’ என்று பெயர்; பிரெஞ்சில் பம்பு என்று பொருள். நான்கு எண்ணிக்கையில் 1, 3 விழும்போது பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) கீழ்நோக்கி வந்து தடித்த தந்திகளை மட்டும் தொடும். 2, 4 விழும்போது எல்லாத் தந்திகளையும் கடந்து வறண்ட, வெட்டுப்பட்ட சத்தம் தரும். 1க்கும் 3க்கும் சற்று முன்னால் மிக மெல்லிய மேல்நோக்கிய அடி ஒன்று: (ட)டும்–சக், (ட)டும்–சக். வெட்டுவது இடக்கையின் வேலை. ‘சக்’ ஒலித்த கணமே விரல்களின் அழுத்தத்தை விடுங்கள், ஆனால் தந்தியிலிருந்து எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் திறந்த தந்திகள் முனகும்.

வலது மணிக்கட்டு கிட்டாரின் உடலை விட்டு வளைந்து மிதக்க வேண்டும். உள்ளங்கையைப் பிரிட்ஜில் (முகப்புப் பலகை மேல் தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) ஊன்றினால் அடி குறுகி, சத்தம் செத்துவிடும். மேல்நோக்கிய அடி பலமாக விழுந்தால் தாளம் நொண்டும். அந்த அடி கைவசமாகும் வரை அதை முழுக்க விட்டுவிட்டு வாசிப்பதே நல்லது. ரோசன்பெர்க் ட்ரியோவில் நூஷே ரோசன்பெர்க்கின் ரிதத்தைக் கேளுங்கள். எவ்வளவு வறட்சி, எவ்வளவு உறுதி!

தாளம் எண்ணித் தரும் கருவியான மெட்ரோனோமை 2லும் 4லும் மட்டும் ஒலிக்க விடுங்கள். பாட்டு நிமிடத்துக்கு 200 அடி என்றால் கருவியில் 100 வையுங்கள். முதல் வாரம் 120 அடி வேகமே போதும். வேகம் தானாக ஏறுகிறதென்றால் பெரும்பாலும் 2ஐயும் 4ஐயும் அளவுக்கு மீறி அறைகிறீர்கள்.

கார்டுகளில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) மூன்று நான்கு சுரங்களே போதும். ஏ மைனர் சிக்ஸ்த்: நடுவிரல் மிகத் தடித்த ஆறாம் தந்தியின் 5ஆம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்), ஆள்காட்டி விரல் நான்காம் தந்தி 4இல், மோதிர விரல் மூன்றாம், இரண்டாம் தந்திகளின் 5இல் படுத்திருக்கும். ஐந்தாம் தந்தியை நடுவிரல் நுனி தொட்டு அடக்கும். இதையே 5 ஃபிரெட் மேலே நகர்த்தினால் டி மைனர் சிக்ஸ்த். இ செவன்த்துக்கு, எல்லோருக்கும் தெரிந்த சி செவன்த் வடிவத்தை 4 ஃபிரெட் மேலேற்றுங்கள். ஆறாம் தந்தி திறந்து ஒலித்தாலும் பாதகமில்லை. தனி வாசிப்பவர் தொடங்கிய பிறகு அலங்காரக் கார்டுகள் வேண்டாம். அவர் மனத்தில் ஒரு ஸ்வரவரிசை ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் புதுக் கார்டு அதில் மோதும். இரண்டு ரிதம் கிட்டார் இருந்தால் இருவரும் ஒரே வடிவம், ஒரே அடி. பேஸ் தனியாக வாசிக்கும்போது சத்தத்தைப் பாதியளவுக்கும் கீழே இறக்குங்கள்.

இந்த இசைக்கான செல்மர் வகை கிட்டாரில் (செல்மர் ஒரு பிரெஞ்சு நிறுவனம்) பிரிட்ஜ் ஒட்டப்பட்டிருக்காது. தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கும். அதனால் தந்திகளை ஒவ்வொன்றாகவே மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பிரிட்ஜ் நகர்ந்து, மேல் ஃபிரெட்களில் சுருதி பிசகும். நகர்ந்துவிட்டதா? 12ஆம் ஃபிரெட்டில் அழுத்திய சுரத்தையும் அதே இடத்து ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) ஒப்பிடுங்கள். அழுத்தியது சுருதியில் கூடுதலாக ஒலித்தால் பிரிட்ஜை டெயில்பீஸ் (தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் பகுதி) பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். சரியான இடத்தில் பென்சில் குறி இருந்தால் மேடைக்குப் பின்னால் நிம்மதி. இந்த இசைக்கு வெள்ளி முலாம் பூசிய செம்பு சுற்றிய 10 அல்லது 11 தடிமன் தந்திகள் (மெல்லிய தந்தி அங்குலத்தில் 0.010 அல்லது 0.011). அவை வியர்வையில் சீக்கிரம் மங்கும் என்பதால், தினமும் கச்சேரி இருந்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு செட் என்று கணக்கிட்டு எடுத்துப் போங்கள். 12ஆம் ஃபிரெட்டில் தந்தி உயரம் 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் பலமான அடியில் தந்தி ஃபிரெட்டில் மோதி இரையும். பிக் 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மெல்லிய பிக் வளைந்து அடியைத் தாமதப்படுத்தும்.

விமானத்தில் கெட்டியான பெட்டி கட்டாயம். தந்திகளை ஒன்றிரண்டு சுரம் தளர்த்தினால் போதும். முழுக்கத் தளர்த்தினால் பிரிட்ஜ் விழுந்து முகப்புப் பலகையைக் கீறும். கிட்டாரின் தலைப்பகுதிக்குக் கீழே துணி திணியுங்கள், பெட்டி விழுந்தால் முதலில் உடைவது அந்த இடம்தான். உள்ளே ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மரம் என்ன என்பதையும் அறிந்து வையுங்கள். பழைய செல்மர்கள் பலவற்றின் முதுகும் பக்கமும் நம் ஊர் ஈட்டி மரம். அந்த மரத்தில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் சர்வதேச வனவுயிர் வணிக ஒப்பந்தத்தில் விலக்கு உண்டு. பிரேசில் ஈட்டி மரத்துக்கு அந்த விலக்கு இல்லை. எல்லை தாண்டக் கருவிச் சான்றிதழ் வேண்டும்.

மேடையில் மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைக்காதீர்கள். ‘பூம்’ என்று ஊளையிடும். கழுத்து உடலோடு சேரும் இடத்தை நோக்கி ஒரு சாண் தூரத்தில் வைத்து, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள். அந்தப் பகுதியை டபுள் பேஸ் பார்த்துக்கொள்ளும்.

நிமிடத்துக்குச் சராசரி 200 அடி என்றால் 45 நிமிடத்தில் 9,000 அடி. இரண்டு வேகமான பாட்டுகளை அடுத்தடுத்துப் போடாமல் நடுவே ஒரு பொலேரோவோ வால்ட்ஸோ வைக்கும்படி வாசிப்புப் பட்டியல் எழுதும்போதே கேளுங்கள். மேடையேறும் முன் 10 நிமிடம் மெதுவான வேகத்தில் கையைச் சூடாக்குங்கள். முன்கை இறுகி வலித்தால் முதலில் பிக் பிடியைத் தளர்த்துங்கள். அப்படியும் குறையாவிட்டால் அந்தப் பாட்டில் மேல்நோக்கிய அடியை விட்டுவிடுங்கள்; தாளம் கெடாது. மறுநாளும் வலித்தால் பயிற்சியை நிறுத்தி, கச்சேரிக்கு மட்டும் கிட்டாரை எடுங்கள்.