காட்டுமாடு ஏறாத படிக்கட்டு: காட்சிமுனைப் பாதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கொடைக்கானல் மேல்மலையில், ஒரு காட்சிமுனைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையின் தொடக்கத்தில் நாற்பது சிமெண்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன. மேலே தார்ப்பாய், பக்கத்தில் மணலும் சல்லியும். சுற்றுலாப் பயணிகள் வழுக்கி விழாமல் இருக்க உள்ளூர் இளைஞர்கள் படிக்கட்டு கட்டப் போகிறார்களாம். உழைக்கத் தெரிந்த பிள்ளைகள்தான். ஆனால் அந்த மூட்டைகளைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது. இருபது வருடங்களுக்கு முன்னால் இதே போல மூட்டைகளை இறக்கி வைத்து, பக்கத்தில் பெருமையாக நின்றவன் நான்.

பழனி மலையின் காட்சிமுனைகளையும் அவற்றுக்குப் போகும் பாதைகளையும் பராமரிப்பதிலேயே என் காலம் போயிருக்கிறது. குப்பைத் தொட்டி, பிளாஸ்டிக் பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் இல்லை. தெரிந்தே செய்கிறவருக்கு என் எழுத்து உறைக்கவும் போவதில்லை. அக்கறையோடு செய்யப்படும் தவறுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

சரிவில் நெட்டாகப் படி கட்டுவது

எங்கள் பாதை சோலைக்குள் நுழைந்து, மர வேர்களின் மேல் இறங்கி, நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறையில் முடியும். சீசனில் கூட்டம் நெரியும். மழை பெய்தால் முழங்கால் சேறு. மார்ச் முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்றார்கள். வளைந்து வளைந்து போன பழைய தடத்தை விட்டுவிட்டு, உச்சியிலிருந்து நேர் கீழே கயிறு பிடித்து, 140 கான்கிரீட் படிகள் போட்டோம். மண் சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் ஓரக்கட்டு வேறு.

வேலைக்கு வந்திருந்த பளியர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் மட்டும், "காட்டுமாடு இப்படி ஏறுமா தம்பி?" என்று கேட்டார். நான் சிரித்தேன்.

காட்டுமாடு சரிவில் நேராக ஏறாது. குறுக்கே நடக்கும், திரும்பும், மறுபடி குறுக்கே நடக்கும். அந்தத் தடத்தின் மேல் விழும் மழைநீர் தடத்தைக் கடந்து கீழே போய்விடும். தடத்தோடு சேர்ந்து ஓடாது. பெரியவர் சொன்னது இதைத்தான் என்று புரிய எனக்கு மூன்று ஐப்பசி ஆனது.

முதல் ஐப்பசியிலேயே படிக்கட்டு வாய்க்கால் ஆகிவிட்டது. நாங்கள் கட்டிய ஓரக்கட்டுகளே அதன் கரைகள். சோலையின் இலைமக்கில் ஊறி மெல்லக் கசிந்திருக்க வேண்டிய தண்ணீர், சிமெண்டின் மேல் சறுக்கிக்கொண்டு வந்தது. ஓடும் நீரின் வேகம் இரட்டித்தால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியலில் ஒரு பழைய கணக்கு. கடைசிப் படியில் கான்கிரீட் முடிந்தது. தண்ணீரின் வேகம் முடியவில்லை. அங்கே மண்ணைக் குடைய ஆரம்பித்தது. குடைவு கீழே போகாமல் மேல்நோக்கி ஏறியது: கடைசிப் படிக்கு அடியில், பிறகு அதற்கு முந்தைய படிக்கு அடியில்.

மூன்றாம் வருடம் குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். மேலே, சல்லி துருத்திக்கொண்டிருக்கும் கான்கிரீட்டின் அடிப்பாகம், சில்லென்று. கீழே ஈரச் செம்மண். நடுவில் ஒரு குழந்தை உட்காரும் அளவுக்குப் பொந்து. அதன் மேல்தான் அன்று காலையில் ஒரு கல்லூரிச் சுற்றுலாவே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது.

படியின் உயரம் வயதானவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பக்கத்து மண்ணில் இறங்கி நடந்தார்கள். அவர்கள் காலடியைப் பார்த்து மற்றவர்களும். நான்கு அடிப் பாதை இருபது அடி அகலத்துக்குச் செம்மண்ணாகக் கிடந்தது. காட்டு நாவல் மரம் ஒன்று வேர் வெளியே தெரியச் சாய்ந்தது. கடைசியில் படிகளை உடைத்து, துண்டுகளைத் தலைச்சுமையாக மேலே ஏற்றினோம். கட்டிய செலவைப் போல இரண்டு மடங்கு. போன மண் போனதுதான்.

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது அந்தப் பண இழப்பு அல்ல. அதே வரைபடம் வெவ்வேறு ஊர்ப் பெயர்களில் திரும்பத் திரும்ப என் முன்னால் வந்து நிற்கிறது. கேட்டால், "பழனி கோயிலில் 693 படி நிற்கிறதே!" என்கிறார்கள். ஐயா, அது பாறைக் குன்று. நீங்கள் கட்டப் போவது பஞ்சு போல ஊறும் சோலை மண்ணில்.

மொட்டை மாடித் தளம் போடும்போது கொத்தனாரிடம் வாட்டம் எந்தப் பக்கம் என்று கேட்கிறோம். மலைப்பாதைக்கு மட்டும் யாரும் கேட்பதில்லை. பாதையை மலைச்சரிவுக்குக் குறுக்காக எடுங்கள். பாதையின் ஏற்றம் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்ட வேண்டாம்; நூறு அடி நடந்தால் பத்து அடி ஏறினால் போதும். பள்ளத்துப் பக்கத்து ஓரம் இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். அதற்குமேல் ஏறித்தான் ஆக வேண்டும் என்கிற இடத்தில், பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கல் வரிசையைப் பாதி புதைத்துப் பதியுங்கள். தண்ணீர் அதில் முட்டி வெளியே திரும்பிவிடும்.

படி வேண்டவே வேண்டுமென்றால், கல்லோடு கல்லைக் கவ்வ வைத்து, சிமெண்ட் இல்லாமல் அடுக்குங்கள். இடுக்கில் தண்ணீர் கசியும். ஒரு கல் ஆடினால் காலுக்கே தெரியும். மறுநாள் கடப்பாரையோடு போய்ச் சரிசெய்துவிடலாம். கான்கிரீட் அடிமண் போனதைக் காட்டிக்கொள்ளாது. பூம்பாறையில் பூண்டு போடுகிறவர்களிடம் கேளுங்கள். தண்ணீரை எந்த மூலையில் இறக்கிவிட வேண்டும் என்று தெரியாமல் அந்தச் சரிவில் யாரும் பாத்தி கட்டி மீள முடியாது.

புல்வெளியில் மரம் நடுவது

ஜூன் 5, சுற்றுச்சூழல் நாள் வந்தால் மரக்கன்றுகளோடு வேன்கள் ஏறிவிடுகின்றன. மரம் இல்லாத முகடு என்றால் தரிசு, மண் சரிந்துவிடும் என்று நினைப்பு. மடிப்புகளில் சோலை, முகடுகளில் புல் என்பதுதான் இந்த மலையின் ஏற்பாடு. பாய் போலப் பின்னிய புல் வேரே அங்கே மண்ணைப் பிடித்திருக்கிறது. இப்படி நல்லது செய்ய நினைத்துத்தான் முன்பு வாட்டில், பைன் என்ற வெளிநாட்டு மரங்களை வளர்த்தார்கள். நீலகிரியில் சீகை என்று சொல்லப்படும் அதே வாட்டில் மரத்தை, இரண்டு மலைகளிலும் இப்போது பணம் கொடுத்து வெட்டிக்கொண்டிருக்கிறோம். 2018-இல் நீலக்குறிஞ்சி பூத்ததை ஓடி ஓடிப் படமெடுத்தவர்கள், அது வெயில் விழும் புல்வெளியில் வளரும் செடி என்பதையாவது நினைவில் வைக்கலாம்.

விளிம்பில் துளை போடுவது

இங்குள்ள பாறை பெரும்பாலும் சார்னோகைட். கெட்டியானது, ஆனால் நெட்டுக்கு வெடிப்பு விடும். சுமார் 400 அடி உயரத்துக்கு மூன்றாகப் பிரிந்து நிற்கும் தூண் பாறையே சாட்சி. கம்பித் தடுப்புக்கு வருகிறவர், விளிம்பிலிருந்து ஒரு அடியில் துளை போடுகிறார். வெடிப்பு அவருக்குப் பின்னால் இருக்கிறது. அதாவது, என்றைக்காவது பிரிந்து விழப் போகும் துண்டின்மேல் தடுப்பு நிற்கிறது. துளை வழியாகத் தண்ணீரும் இறங்குகிறது. சுத்தியலால் தட்டிக்கொண்டே பின்னால் வாருங்கள். பொத்தென்ற சத்தம் போய்க் கணீரென்று கேட்கும் இடத்துக்கும் பின்னால் தடுப்பை வையுங்கள். முனையில் நின்று படம் எடுக்க முடியவில்லையே என்று நான்கு பேர் திட்டுவார்கள். திட்டட்டும்.

கால் தடுக்கும் வேரை வெட்டுவது

வெட்டாதீர்கள்.

பாறையில் பெயிண்ட் அம்புக்குறி

ஒரு மரப்பலகை வாங்க முடியாதா?

தலைகளை மட்டும் எண்ணுவது

2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 மார்ச்சில், அந்த வருட சீசனுக்குக் கொடைக்கானலில் வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. வேண்டியதுதான். ஆனால் அது வண்டிக் கணக்கு. மண்ணின் கணக்கு ஈரம். தை மாதத்துக் காய்ந்த மண் ஆயிரம் பேரைத் தாங்கும். மழை விட்ட மறுநாள் அதே மண் நூறு பேருக்குக் குழைந்துவிடும். கனமழைக்குப் பிறகு இரண்டு நாள் பாதையை மூடும் அதிகாரம், மேலிடத்தைக் கேட்காமலே, வாயிலில் டிக்கெட் கிழிப்பவருக்கு இருக்க வேண்டும்.

வெயிலில் மட்டும் போய்ப் பார்ப்பது

ஆய்வுக்கு வருகிறவர்கள் எல்லோரும் நல்ல வெயிலில்தான் வருகிறார்கள். குடையோடு மழையில் போங்கள். பிரெட் ஆம்லெட் கடையின் தார்ப்பாய் ஓரத்திலிருந்து சொட்டும் நீர் மண்ணில் ஒரு கோடு கிழிக்கும். அந்தக் கோடு பத்தடி தள்ளி ஓடையாகும். ஒரு சாக்கு சல்லியைக் கொட்டினால் தீரும் விஷயம். வெயிலில் அது கண்ணில் படாது.

அந்த இளைஞர்களையும் அப்படித்தான் ஒரு மழை நாளில் அழைத்துப் போனேன். ஒருவன் ஒரு இலையைப் பாதையில் ஓடும் நீரில் போட்டு, அது எங்கே வெளியேறுகிறது என்று பார்த்துக்கொண்டே இறங்கினான். அடிவாரம் வரை அது வெளியேறவே இல்லை. மூட்டைகளைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டாராம். வண்டி நிறுத்தும் இடத்தில் கழிவறை கிடையாது. இருபத்தெட்டு மூட்டைகள் அதற்குப் போயின. மீதிப் பன்னிரண்டு இன்னும் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கின்றன.