புளூடூத்தா, வைஃபை ஸ்ட்ரீமரா? பழைய ஆம்புக்கு எது சரி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் மாமா வீட்டில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபையரும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் இருக்கின்றன. தோட்டத்து லயத்தில் இருந்த காலத்துச் சாமான். தாமான் வீட்டுக்குக் குடிமாறியபோது லாரியில் முதலில் ஏறியது அதுதான். போன தீபாவளிக்கு அதில், போனிலிருந்து பாட்டை வாங்கும் ஒரு புளூடூத் ரிசீவரை மாட்டிக் கொடுத்தேன். விருந்தாளிகள் வந்ததும் மாமா போனைச் சட்டைப் பையில் போட்டபடி கேட்டைத் திறக்கப் போனார். பாட்டு திக்கித் திணறி நின்றது. "என்னடா மருமகனே, புதுச் சாமான் இப்படிப் பண்ணுது?"

சாமான் மேல் தப்பில்லை. புளூடூத்தில் பாட்டு முதலில் போனுக்கு வரும், அங்கே இன்னொரு முறை சுருக்கப்பட்டு, பிறகுதான் ரிசீவருக்குப் போகும். சாதாரண ரிசீவருக்குப் பத்து மீட்டர் எட்டும். நடுவில் செங்கல் சுவர் இருந்தால் அதுவும் குறையும். போன் போனால் பாட்டும் போகும். நெட்வொர்க் ஸ்ட்ரீமிங் அப்படியில்லை. ஸ்ட்ரீமர் என்ற சின்னப் பெட்டி வீட்டு வைஃபை வழியாகப் பாட்டைத் தானே இழுத்துக்கொள்ளும். போன் வெறும் ரிமோட்.

1. ஆம்புக்குப் பின்னால் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக ஜோடித் துளைகள் இருக்கும். ஆக்ஸ், சிடி, டேப் என்று எழுதிய எதிலும் மாட்டலாம். ஃபோனோ என்று எழுதியதில் மட்டும் வேண்டாம். அது இசைத்தட்டுக்கானது, சத்தம் கரகரக்கும். புளூடூத் ரிசீவரோ ஸ்ட்ரீமரோ, இரண்டுக்கும் இதே துளைதான். ஆகவே இன்று ஒன்றை வாங்கி நாளை மாற்றினாலும் ஆம்பை மாற்ற வேண்டாம்.

2. எதிலிருந்து கேட்கிறீர்கள்? பலர் அவசரப்படுவது இங்கேதான். சிடி தரம் என்றால் நொடிக்கு 1,411 கிலோபிட் தகவல். புளூடூத் பாட்டைச் சுருக்கும் அடிப்படை முறையான எஸ்பிசி சுமார் 328 வரை போகும். எல்டிஏசி என்ற இன்னொரு முறை 990 வரை போகும். ஆண்ட்ராய்டில் 2017-இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து அது இருக்கிறது. ஆனால் ரிசீவரும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஐபோனில் எல்டிஏசி கிடையாது, ஏஏசி என்ற வேறு முறைதான். இந்த எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். யூடியூபில் யாரோ கேசட்டிலிருந்து ஏற்றிய பழைய பாட்டைக் கேட்பவருக்கு 990 இருந்தாலும் தரம் ஒன்றும் கூடிவிடாது. வாளி சின்னதாக இருக்கும்போது பைப்பைப் பெரிதாக்கி என்ன பயன்? சிடிகளைத் தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக மாற்றி வைத்திருப்பவர், தரம் குறையாத சந்தாச் சேவை வைத்திருப்பவர், இவர்களுக்கு ஸ்ட்ரீமரில் வித்தியாசம் காதில் விழ வாய்ப்புண்டு.

இன்னொன்று: யூடியூப் ஆப்பிலிருந்து நேராக ஸ்ட்ரீமருக்கு அனுப்புவது பெரும்பாலும் சிக்கல். அதற்கு புளூடூத்தே சுலபம்.

3. வைஃபையைச் சோதியுங்கள். போனை ஆம்பின் மேலேயே வைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் வைஃபையில் பாட்டை ஓடவிடுங்கள். நின்று நின்று வந்தால் ஸ்ட்ரீமரும் அப்படித்தான் வரும். ரவுட்டரில் இரண்டு அலைவரிசை இருந்தால், 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும்; 2.4 தூரம் போகும், ஆனால் மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே இடத்தில்தான் நெருக்கியடிக்கின்றன. ரவுட்டர் பக்கத்திலேயே இருந்தால் பேசாமல் கேபிள் போட்டுவிடுங்கள்.

4. மாட்டுங்கள். புளூடூத் என்றால் ஜோடி சேர்த்தால் முடிந்தது. நூறு வெள்ளிக்குள் கிடைக்கும். ஸ்ட்ரீமருக்குச் சில நூறு வெள்ளி ஆகும், அதன் ஆப்பையும் போனில் இறக்க வேண்டும். போனும் ஸ்ட்ரீமரும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். "பெட்டியே காட்டவில்லை" என்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் போனை விருந்தினர் வைஃபையில் விட்டிருப்பார்கள்.

5. போனை ஏரோப்பிளேன் மோடுக்கு மாற்றுங்கள். சில போன்களில் வைஃபையும் புளூடூத்தும் அப்படியே இருக்கும், அவற்றையும் அணைத்துவிடுங்கள். ஸ்பாட்டிஃபை கனெக்ட்டில் (ஸ்பாட்டிஃபை ஆப்பிலிருந்து ஸ்ட்ரீமரைப் பாடச் சொல்லும் வசதி) பாட்டு தொடர்ந்து ஓடும், ஏனென்றால் அதை இழுப்பது பெட்டிதான். ஐபோனிலிருந்து ஏர்பிளே என்ற ஆப்பிள் வசதியில் அனுப்பினால் நின்றுவிடும். அது வைஃபையில் போனாலும் பாட்டு போன் வழியாகத்தான் வருகிறது. இந்த ஒரு சோதனை போதும், உங்கள் பாட்டு எந்த வழியில் வருகிறது என்று தெரிந்துவிடும்.

மாமா வீட்டில் கடைசியில் ஸ்ட்ரீமர்தான் வைத்தோம். அத்தையின் வாட்ஸ்அப் டிங் டிங் இப்போது ஸ்பீக்கரில் வருவதில்லை. காலையில் மின்னல் எஃப்எம் இணையத்தில் வருகிறது, போன் அடுப்படியில் சார்ஜ் ஏறுகிறது. ஆனாலும் புளூடூத்தும் உள்ள ஸ்ட்ரீமராகப் பார்த்து வாங்கினேன். பேரப்பிள்ளைகள் வந்தால் ஆப் எல்லாம் இறக்கப் பொறுமை இருக்காது. அப்புறம், சாயங்காலம் இடி இடித்தால் அத்தை ஓடிப்போய் மோடம் வயரைக் கழற்றிவிடுவார். அப்போது போனில் இறக்கி வைத்த பாட்டுக்கு புளூடூத்தே கதி. பின்கட்டுத் தகரத்தில் மழை இறங்கிவிட்டால் 328 என்ன, 990 என்ன, ஒன்றும் கேட்காது. மாமா ஆம்பை அணைத்துவிட்டு தே ஓ கேட்பார்.