லினக்ஸ் சர்வரில் ரேம் நிறைந்துவிட்டது என்று பதறி நாம் செய்யும் தவறுகள்

16 ஜிபி மெஷினில் ஃப்ரீ கமாண்டைத் தட்டி, காலி ரேம் வெறும் 300 எம்பி என்று வந்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் அதே வரியின் கடைசியில் ‘அவைலபிள்’ என்று ஒன்று இருக்கிறதே, பார்க்க வேண்டியது அதைத்தான். அந்தக் கணக்கை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே போட்டுச் சொல்ல ஆரம்பித்தது 2014-இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து. அதில் 9 ஜிபி என்று இருந்தால் உங்கள் சர்வர் நன்றாகவே இருக்கிறது. டிஸ்க்கிலிருந்து ஒருமுறை படித்த கோப்புகளைக் கெர்னல் ரேமிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது, வேறு யாராவது இடம் கேட்டால் அவற்றை விட்டுவிடும், அவ்வளவுதான். இப்படிப் பக்கங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வேலைக்குப் பெயர் ரீக்ளைம். பொதுவாக ஒரு பக்கம் 4 கேபி. மாற்றம் எதுவும் ஆகாத கோப்புப் பக்கமாக இருந்தால் அப்படியே தூக்கிப் போடலாம், மாறியிருந்தால் முதலில் டிஸ்க்கில் எழுத வேண்டும், மல்லாக் மூலம் புரோகிராம் வாங்கிய இடமாக இருந்தால் பொதுவாக டிஸ்க்கில் இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் ஸ்வாப்புக்குத்தான் அனுப்ப முடியும். பின்னால் சொல்லப்போவது எல்லாம் இந்த மூன்று வழியைச் சுற்றித்தான்.

என்னை ரொம்ப வருத்தப்பட வைக்கும் தவறு, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் டிராப் கேச்சஸ் போடுவது, அதாவது கெர்னல் ரேமில் வைத்திருக்கும் கோப்புப் பக்கங்களை (கேச்சை) மொத்தமாகக் காலி செய்யச் சொல்வது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் டேட்டாபேஸ் சர்வர் ஒன்று ஒவ்வொரு மணிக்கும் சரியாக 5-ஆவது நிமிடத்தில் திணறும், இரண்டு மூன்று நிமிடம் கழித்துத் தானாகவே தேறிவிடும். குவெரியைக் குறை சொன்னோம், நெட்வொர்க்கைக் குறை சொன்னோம். கடைசியில் கெர்னல் லாகைப் பிரித்துப் பார்த்தால், மணிக்கு ஒரு வரி வீதம் ‘டிராப் கேச்சஸ்: 3’ என்று வரிசையாக நிற்கிறது. யாரோ எப்போதோ நல்லெண்ணத்தில் போட்டு வைத்த கிரான் அது. சூடாக இருந்த இண்டெக்ஸ் பக்கங்கள் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும், அடுத்து வரும் ஒவ்வொரு குவெரியும் அவற்றை டிஸ்க்கிலிருந்து திரும்பப் படிக்க வேண்டும். அந்த ஒரு வரியை எடுத்தோம், திணறல் நின்றது. சோதனைக்காகக் கேச்சைக் காலி செய்து நேரம் அளப்பது வேறு, அதற்கு இது நல்ல கருவி. பராமரிப்புக்கு இது கருவியே இல்லை.

அடுத்தது ஸ்வாப்பை முழுக்க அணைப்பது. ஸ்வாப் மெதுவானது, அதனால் அது இல்லாவிட்டால் மெஷின் வேகமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். ஸ்வாப் இல்லையென்றால் மேலே சொன்ன மூன்றாவது வழி அடைபட்டுவிடும், அதனால் வாரக்கணக்கில் யாருமே தொடாத புரோகிராம் டேட்டாவும் ரேமில் உட்கார்ந்திருக்கும். ரேம் நெருக்கடி வந்தால் கெர்னலுக்குக் கைக்கு எட்டுவது கோப்புப் பக்கங்கள் மட்டும்தான். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் கட்டளைகள் (கோட்) கூட கோப்புப் பக்கம்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதைத் தூக்கிப் போடும், அடுத்த நொடியே அது தேவைப்படும், திரும்பப் படிக்கும், மறுபடி தூக்கிப் போடும். லேப்டாப்பில் மவுஸ் உறைந்து, டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிகிறதே, ஸ்வாப்பே இல்லாத மெஷினிலும் அந்த நிலை வரும். சின்னதாக ஒரு ஸ்வாப் வையுங்கள், டிஸ்க் மெதுவானது என்றால் டேட்டாவைச் சுருக்கி ரேமிலேயே வைக்கும் இசட்ரேம் வையுங்கள்.

ஸ்வாப்பினஸ் என்ற கெர்னல் செட்டிங் 60 என்றால் ரேம் 60 சதவீதம் நிறைந்ததும் ஸ்வாப் தொடங்கும் என்று எத்தனையோ இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது தவறு. ஸ்வாப் செய்ய ஆகும் செலவையும் கோப்பை மறுபடி படிக்க ஆகும் செலவையும் ஒப்பிடும் எடை அது, 100 வைத்தால் இரண்டும் சமம். 5.8 பதிப்பிலிருந்து 200 வரை வைக்கலாம், இசட்ரேம் போல டிஸ்க்கை விட வேகமான ஸ்வாப் இருந்தால் 100-க்கு மேல் போவது நியாயமே. யோசிக்காமல் 1 என்று வைப்பது, ஸ்வாப்பை அணைப்பதற்குப் பக்கத்தில்தான் கொண்டுபோய் விடும்.

காலி ரேம் எவ்வளவு குறைந்தால் ரீக்ளைம் தொடங்க வேண்டும் என்று கெர்னல் வைத்திருக்கும் மட்டங்களைத் தப்பாகத் தொடுவதும் சகஜம். மாடித் தொட்டியில் தண்ணீர் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மோட்டார் தானே ஓடி, மேல் கோடு வரை நிரப்பிவிட்டு நிற்கும் இல்லையா, பின்னணியில் ரீக்ளைம் செய்யும் கே-ஸ்வாப்-டி செய்வதும் அதேதான். மோட்டார் ஏற்றுவதை விட வேகமாகத் தண்ணீரை எடுத்தால் மட்டம் அடிக்கோட்டுக்கும் கீழே போகும், அப்போது தண்ணீர் கேட்டவரே வாளியோடு கிணற்றுக்குப் போக வேண்டியதுதான். இதுதான் டைரக்ட் ரீக்ளைம். இடம் கேட்ட புரோசெஸே தன் வேலையை நிறுத்திவிட்டுப் பக்கம் தேடுகிறது, உங்கள் ரெஸ்பான்ஸ் டைம் திடீரென்று எகிறுவது இங்கேதான். இதைச் சரிசெய்ய மின் ஃப்ரீ கேபைட்ஸ் (min_free_kbytes) என்ற செட்டிங்கைப் பல ஜிபிக்கு ஏற்றிவிடுகிறார்கள், அது அவசரத்துக்கு ஒதுக்கி வைக்கும் இடம், அவ்வளவும் மற்றவர்களுக்கு இல்லாமல் போகும். அதற்குப் பதில் வாட்டர்மார்க் ஸ்கேல் ஃபேக்டரைப் பாருங்கள். அதன் இயல்பு மதிப்பு 10, அதாவது மட்டங்களுக்கு நடுவே இடைவெளி ரேமில் 0.1 சதவீதம், 64 ஜிபியில் சுமார் 64 எம்பி. திடீரென்று நிறைய ரேம் கேட்கும் சர்வருக்கு இது போதாது. கொஞ்சம் ஏற்றினால் மோட்டார் முன்கூட்டியே ஓடத் தொடங்கும்.

சரி, இதெல்லாம் தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்வாப்பில் 2 ஜிபி இருக்கிறது என்பது மட்டும் எதையும் சொல்லாது, அது போன மாதமே போய்த் தூங்குகிற டேட்டாவாக இருக்கலாம். விஎம்ஸ்டாட் கமாண்டில் ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவதும் ஸ்வாப்புக்கு வெளியே போவதும் ஒரே நேரத்தில் ஓயாமல் நடக்கிறதா என்று பாருங்கள். அதை விட நல்லது 2018 டிசம்பரில் 4.20 பதிப்போடு வந்த பிரஷர் கணக்கு: கடந்த 10, 60, 300 நொடிகளில் வேலைகள் ரேமுக்காகக் காத்திருந்த நேரம் எத்தனை சதவீதம் என்று நேராகவே சொல்லிவிடும். அதோடு ரீஃபால்ட் எண்ணிக்கையையும் பாருங்கள், வெளியே போட்ட பக்கத்தையே கெர்னல் மறுபடி உள்ளே எடுக்கிறது என்றால் தேவையானதைத்தான் தூக்கிப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். கன்டெய்னரில் ஓட்டுகிறவர்கள் இவற்றை அந்தக் கன்டெய்னருக்கு வரம்பு வைக்கும் சிகுரூப்புக்குள் பார்க்க வேண்டும், ஹோஸ்ட்டில் ரேம் தாராளமாக இருந்தாலும் உள்ளே வைத்த வரம்பு ரீக்ளைமைக் கிளப்பிவிடும்.

பழைய செட்டிங்கைப் புதிய கெர்னலுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வருவதையும் விட்டுவிடுங்கள். 2022 டிசம்பரில் வந்த 6.1-இல் பக்கங்களைத் தலைமுறைகளாகப் பிரித்து வயது பார்க்கும் எம்ஜிஎல்ஆர்யூ சேர்ந்தது, எதைத் தூக்கிப் போடுவது என்று அது தேர்ந்தெடுக்கும் முறையே வேறு. ஆனால் எல்லா டிஸ்ட்ரோவிலும் அது இயக்கத்தில் இருக்காது, முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இயக்கத்தில் இருந்தால், மேலே சொன்ன உறையும் லேப்டாப்புக்கு அதிலேயே ஒரு வழி உண்டு: மின் டிடிஎல் (min_ttl_ms) மதிப்பை 1000 மில்லிநொடி என்று வைத்தால் கடந்த ஒரு நொடியில் பயன்பட்ட பக்கங்களில் கெர்னல் கை வைக்காது, அவற்றை ரேமில் வைத்திருக்கவே முடியாத நிலை வந்தால் ஓஓஎம் கில்லரைக் கூப்பிட்டு ஏதாவது ஒரு புரோசெஸை முடித்துவிடும். பிரவுசர் போனாலும் மவுஸ் நகரும்.